கால்வாய்மேல் எழுந்த ஸ்டேஷன்

நகரமும் இருப்புப் பாதையும் – 17

1931-ஆம் ஆண்டில் கடற்கரை ஸ்டேஷனுக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார வண்டிகள் ஓடத் தொடங்கிய வரலாற்றைச் சென்ற பகுதியில் கண்டோம். மாம்பலத்து ஏரிப் படுகையில் 1920-களில் மனைகளாக வகுக்கப்பட்ட தியாகராய நகரம், கூப்பிடு தூரத்தில் வண்டி வந்து நின்ற ஒரே காரணத்தால் எவ்வளவு விரைவாக நிரம்பிற்று என்பதையும் சொன்னோம். ஆனால் அந்தப் பாதை நகரத்தின் மேற்குப் புறமாகவே போயிற்று. கிழக்கே கடலை ஒட்டி, மதராஸ் கோட்டை தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கோயிலும் குளமும் வீதியுமாக விளங்கிய திருவல்லிக்கேணிக்கும் மயிலாப்பூருக்கும் அதனால் யாதொரு பிரயோஜனமும் உண்டாகவில்லை. நேற்று முளைத்த குடியிருப்புக்கு ரெயில் கிடைத்தது. ஆயிரம் ஆண்டு மூத்த ஊருக்குக் கிடைக்கவில்லை. மயிலாப்பூருக்கு முதல் ரெயில் வண்டி வந்தது 1997-ஆம் ஆண்டு அக்டோபர் 19-ஆம் தேதி; அதுவும் தரையில் அன்று, ஆகாய மார்க்கமாக.

அதற்கு முன் மயிலாப்பூர்வாசிகள் தண்டவாளத்தையே கண்டதில்லை என்று சொல்லிவிட முடியாது. 1895-ஆம் ஆண்டு மே மாதத்தில் சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியபோது, தேசத்திலேயே அதுதான் முதலாவது என்ற பெருமை நகரத்துக்கு உண்டாயிற்று. அதன் கிளைகளில் ஒன்று மயிலாப்பூர் வரையில் நீண்டது. கச்சேரி கேட்கப் போனவர்களும், ஹைகோர்ட்டுக்குப் போன வக்கீல்களும், காலேஜ் மாணவர்களும் அரை நூற்றாண்டுக்கு மேல் அந்த டிராமில் ஆடி ஆடிப் போய் வந்தார்கள். நஷ்டக் கணக்கு பெருகிப் பெருகி, 1953 ஏப்ரலில் டிராம் ஒரேயடியாக நின்றுபோயிற்று. அதன்பின் நாற்பத்து நான்கு வருஷ காலம் மயிலாப்பூர் முழுக்க முழுக்க பஸ்ஸை நம்பியே வாழ்ந்தது. லஸ் முனையில் பஸ்ஸுக்குக் காத்து நின்று தலை நரைத்தவர்கள் ஒரு தலைமுறையினர் உண்டு என்று சொன்னால் அதில் மிகை அதிகம் இராது.

இனி, மயிலாப்பூரின் ஸ்டேஷனாகிய திருமயிலையின் கதையைச் சொல்ல வேண்டுமானால் அதன் காலடியில் கிடக்கும் கால்வாயின் கதையிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஏனெனில் அந்த ஸ்டேஷன் அங்கே நிற்பதற்கு உண்மையான காரணம் கபாலீசுவரர் கோயிலும் அன்று, லஸ் கடைவீதியும் அன்று, அந்தக் கால்வாய்தான்.

கால்வாயின் வடபகுதி பழையது. 1806-இல் பாஸில் காக்ரேன் என்னும் வெள்ளைக்கார வணிகர் தம் முதலீட்டில் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டுவித்தது அது. நெடுங்காலம் அவர் பெயராலேயே வழங்கி, 1837-இல் சர்க்கார் வசமாயிற்று. ஆனால் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து, திருவல்லிக்கேணியையும் மயிலாப்பூரையும் ஊடறுத்துச் செல்லும் ஏறக்குறைய ஐந்து மைல் நீளமுள்ள நடுப்பகுதி வியாபாரத்தை உத்தேசித்து வெட்டப்பட்டதன்று. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில், கிராமங்களைவிட்டுக் கஞ்சிக்காகப் பட்டணத்தை நோக்கி நடந்துவந்த ஜனங்களுக்கு ஏதேனும் ஒரு வேலை கொடுத்துக் கூலி அளக்க வேண்டும் என்ற நெருக்கடியில் தோண்டப்பட்டது அது. அந்தக் கூலியைப் பற்றியே அந்நாளில் பெரிய சர்ச்சை நடந்தது. பஞ்ச நிவாரணத்தை மேற்பார்வையிட வந்த ஸர் ரிச்சர்ட் டெம்பிள், நாள் முழுதும் மண் வெட்டும் ஓர் ஆணுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாக் காசுமே போதும் என்று விதித்தார். ராஜதானியின் சுகாதாரக் கமிஷனராக இருந்த டாக்டர் கார்னிஷ், ஒன்றரை ராத்தலேனும் கொடாவிட்டால் வேலை செய்பவன் வேலை செய்தே சாவான் என்ற கருத்தில் விடாமல் வாதாடினார். கார்னிஷின் வாதத்துக்குப் பலன் கிடைக்காமற் போகவில்லை. ஆனால் அது கிடைப்பதற்குள் எத்தனையோ உயிர் போய்விட்டது. சுமார் 30 லட்ச ரூபாய்ச் செலவில் முடிந்த அந்தக் கால்வாய்க்கு, அப்போது கவர்னராக இருந்த பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் 1878-இல் சூட்டப்பட்டது. வெட்டியவர்களில் ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரியாது.

பிறகு அந்தக் கால்வாய்க்கு ஒரு நல்ல காலமும் இருக்கவே செய்தது. வடக்கே ஆந்திர நாட்டின் பெத்தகஞ்சாமிலிருந்து தெற்கே மரக்காணம் வரை 420 கிலோமீட்டர் நீண்ட நீர்வழியில் நெல்லும் உப்பும் விறகும் படகேறி வந்தன. மயிலாப்பூரில் கால்வாய்க் கரையை ஒட்டி விறகுத் தொட்டிகள் இருந்தன. படகிலிருந்து இறங்கிய சரக்கை நம்பி எழுந்த சந்தைக்குத் தண்ணீர்த்துறை மார்க்கெட் என்று பெயர் வந்து, தண்ணீரும் துறையும் போன பின்னும் அந்தப் பெயர் மட்டும் போகாமல் இருக்கிறது. லாரிகள் பெருகியதாலும், 1960-களின் நடுவில் அடித்த புயல்களில் கரைகள் உடைந்ததாலும் படகுப் போக்குவரத்து ஓய்ந்தது. நகரத்துக் கழிவுநீர் முழுவதும் அதில் வந்து விழத் தலைப்பட்டது. இவ்வாறு, எவருக்கும் சொந்தமில்லாததுபோல் தோன்றியதும், உண்மையில் சர்க்காருக்கே சொந்தமானதுமான ஒரு நீண்ட நிலத்துண்டு, நெரிசல் மிகுந்த ஊரின் நட்டநடுவில் வெறுமே கிடந்தது. ரெயில்வே இன்ஜினீயர்களின் கண்ணில் அது பட்டதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

1965-இல் திட்டக் கமிஷன், பம்பாய், கல்கத்தா, டில்லி, சென்னை ஆகிய நான்கு மாநகரங்களின் போக்குவரத்தை ஆராய ஒரு குழுவை நியமித்தது. அதன் பின்விளைவாகக் கல்கத்தாவுக்குப் பாதாள ரெயில் கிடைத்து, 1984-இல் அது ஓடவும் தொடங்கிற்று. பூமியைக் குடைவதற்கு ஆகும் செலவைக் கண்டு மலைத்திருந்த காலம் அது. ஆகவே சென்னைக்கு மேம்பாலப் பாதையே போதும் என்று தீர்மானமாயிற்று. ஆரம்ப உத்தேசம் விஸ்தாரமானது: கடற்கரையில் புறப்பட்டு, லஸ், அடையாறு, வேளச்சேரி வழியாகச் சென்று, மேற்கே சுற்றி, எண்ணூர்வரை நகரத்தை ஒரு வளையமாகத் தழுவ வேண்டும் என்பது. காகிதத்தில் வளையம் பூர்த்தியாயிற்று. பூமியில் முதல் துண்டுக்கே பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 1983-84-இல் ஐம்பது கோடியைச் சற்றே தாண்டிய மதிப்பீட்டில் அனுமதிக்கப்பட்ட கடற்கரை–லஸ் பகுதி முடிந்தபோது, செலவு 250 கோடிக்கு மேல் போயிருந்தது. முழுப் பணமும் ரெயில்வேயினுடையது. ஆண்டுதோறும் பட்ஜெட்டில் சிறுகச் சிறுக ஒதுக்கீடு கிடைத்தால் வேலை எப்படி நகரும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

பாதையின் நீளம் 8.55 கிலோமீட்டர். கடற்கரையிலிருந்து பூங்கா நகர்வரை ஏற்கெனவே இருந்த பாதையை ஒட்டித் தரையிலேயே வந்து, அங்கிருந்து மேலே ஏறி, கூவத்தைத் தாண்டிச் சிந்தாதிரிப்பேட்டையைத் தொட்டு, சேப்பாக்கத்தில் கிரிக்கெட் மைதானத்தின் தோளை உரசினாற்போல் திரும்பிக் கால்வாயைப் பிடித்துக்கொள்கிறது. அதன்பின் கால்வாய் வளைகிற இடத்தில் வளைந்து, நெளிகிற இடத்தில் நெளிந்து செல்கிறது. இப்படிச் செய்ததால் வீடுகளை இடிக்க வேண்டிய அவசியம் வெகுவாகக் குறைந்தது. நஷ்டஈட்டு வழக்குகளும் குறைந்தன. அந்த லாபத்தை நாம் சிறுமைப்படுத்தலாகாது. ஆனால் ஊர் ஒன்றின் பின்புறமாகவே ஓடும் கால்வாயைப் பிடித்துக்கொண்டு போகிற ரெயிலும் ஊரின் பின்புறத்திலேதான் நிற்கும் என்பதை அன்று எவரும் பெரிதாக எண்ணியதாகத் தெரியவில்லை. பஞ்சத்தில் கால்வாய் வெட்டியது படகு வேண்டும் என்பதற்காக அன்று, கைகள் சும்மா இருந்தன என்பதற்காக. ரெயிலை அங்கே விட்டதும் பிரயாணிகள் அங்கே இருந்தார்கள் என்பதற்காக அன்று, இடம் சும்மா இருந்தது என்பதற்காக. நூறு வருஷ இடைவெளியில் ஒரே நிலத்துண்டுக்கு இருமுறை நேர்ந்த இந்த விதியே, திருமயிலை ஸ்டேஷனின் பிற்காலச் சரித்திரம் முழுவதற்கும் திறவுகோல் என்பது நம் அபிப்பிராயம்.

1995 நவம்பர் 1-ஆம் தேதி சேப்பாக்கம் வரையிலும், ஏறத்தாழ இரண்டு வருஷங்கள் கழித்துத் திருமயிலை வரையிலும் வண்டி ஓடிற்று. ஜனங்கள் உடனே அதற்குப் 'பறக்கும் ரெயில்' என்று நாமகரணம் செய்துவிட்டார்கள். சர்க்கார் வைத்த நீளமான பெயர் கடிதங்களில் மட்டும் வழங்கிற்று. தேசத்தில் இந்த முறையில் அமைந்த முதல் மேம்பால ரெயில் இதுவே.

ஸ்டேஷனின் அமைப்பைப் பார்ப்போம். லஸ் முனையிலிருந்து வருகிறவர் பஸ், ஷேர் ஆட்டோ, பூக்கூடை, இளநீர் வண்டி ஆகிய நால்வகைச் சேனையையும் கடந்துதான் வாசலை அடைய வேண்டும். உள்ளே நுழைந்ததும் வெளிச்சமும் ஓசையும் ஒருங்கே குறைந்துவிடும். கீழ்த்தளத்தில் டிக்கெட் ஜன்னல். குறைந்தபட்சக் கட்டணம் ஐந்து ரூபாய். இப்போது ஜன்னலுக்குப் போகாமலே கைப்பேசியில் டிக்கெட் எடுப்பவர்கள் மிகுதி. பிறகு படிகள் தொடங்குகின்றன. இரண்டு மூன்று மாடி ஏறும் உயரத்தை, நடுவில் ஒரு விசாலமான மண்டபத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு, ஏறித் தீர்க்க வேண்டும். கடற்கரைப் பக்கம் போகிறவர்களுக்கும் வேளச்சேரிப் பக்கம் போகிறவர்களுக்கும் வழி பிரிகிற இடத்தில், தலைக்கு மேலே வண்டி வந்து நிற்கும் அதிர்ச்சி தூண்களின் வழியே காலில் உறைக்கும். அந்த ஒலி கேட்டதும் படியில் இருக்கிற அனைவரும், முழங்கால் வலிக்காரர் உட்பட, ஒரே சமயத்தில் ஓடத் தொடங்குவார்கள். மேலே ஏறி நின்றால் வெயிலும் கடற்காற்றும். கைப்பிடிச் சுவருக்கு அப்பால் தென்னந்தலைகளும் மொட்டை மாடிகளும் அவற்றில் உலரும் புடைவைகளும். சுவரோரம் வந்து செங்குத்தாகக் கீழே நோக்கினால், தூண்களுக்கு இடையில் தேங்கி அசையாமல் நிற்கும் கருநிற நீர்.

கட்டடத்தின் பிரம்மாண்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தப் பறக்கும் ரெயிலின் ஸ்டேஷன்கள் அனைத்துமே தேவைக்கு மீறிய உடம்பு படைத்தவை. கடைகளும் அலுவலகங்களும் வாடகைக்கு வரும், வாகனங்கள் வந்து நிற்கும், அந்த வருமானத்தில் ரெயிலும் ஓடும் என்ற நம்பிக்கையில் மண்டபத்துக்குமேல் மண்டபமாகக் கட்டினார்கள். கடை வைக்க வருகிறவன் முதலில் கேட்பது ஜனக் கூட்டம் எங்கே என்பதைத்தான். ஜனங்களோ, கடையும் விளக்கும் இல்லாத இருண்ட மண்டபத்துக்குள் அந்தி மயங்கிய பின் எப்படிப் போவது என்று கேட்டார்கள். இரு சாராரும் ஒருவரையொருவர் எதிர்பார்த்துக்கொண்டே பல ஆண்டுகள் கழிந்தன. அந்த வெறுமையால் லாபம் அடைந்தவர்கள் சினிமாக்காரர்கள் மட்டுமே. கதாநாயகன் வில்லனின் ஆட்களைத் துரத்தித் துரத்தி அடிப்பதற்கு அவ்வளவு நீளமான, அவ்வளவு ஆளில்லாத நடைவழிகள் வேறெங்கே கிடைக்கும்? மின்தூக்கியும் நகரும் படியும் வைத்த ஸ்டேஷன்களிலும் அவை ஓடாமல் நிற்கும் நாட்கள் மிகுதி என்பது பிரயாணிகளின் நெடுநாளைய முறையீடு. மயிலாப்பூர் போன்ற, முதியவர்கள் நிறைந்த ஊரில் அந்த முறையீட்டின் கனம் சொல்லாமலே விளங்கும்.

தொடக்கத்தில் ஆறாண்டுகளுக்கு மேல் திருமயிலையே கடைசி ஸ்டேஷனாக இருந்தது. அந்த ஆறு வருஷங்களில் வண்டிகள் பெரும்பாலும் காலியாகவே ஓடின. 'யாருக்காக இந்த ரெயில்?' என்று பத்திரிகைகள் கேட்டன. கேட்டதில் நியாயம் இருந்தது. அடையாற்றுக்கும் திருவான்மியூருக்கும் போக வேண்டியவன் லஸ்ஸில் இறங்கி, படியிறங்கி, மறுபடியும் பஸ்ஸுக்குக் காத்திருப்பதைவிட, முதலிலேயே பஸ் ஏறிவிடுவான் அல்லவா? பாதையைத் தெற்கே நீட்டும் இரண்டாங்கட்டத்தில் மாநில சர்க்கார் செலவில் மூன்றில் இரண்டு பங்கை ஏற்றுக்கொண்டது. 2004 ஜனவரி 26-ஆம் தேதி திருவான்மியூர் வரையிலும், 2007 நவம்பர் 19-ஆம் தேதி வேளச்சேரி வரையிலும் வண்டி ஓடிற்று. இதற்கிடையில் 2000-இல் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டு, கம்ப்யூட்டர் கம்பெனிகள் அந்தத் திக்கில் வரிசையாகக் குடியேறியிருந்தன. கழுத்தில் அடையாள அட்டை தொங்க, காலை வேளையில் தெற்கு நோக்கிப் போகும் இளைஞர் கூட்டம் ரெயிலை நிரப்பிற்று. அவர்களை எண்ணிப் பாதையை வகுத்தவர் எவரும் இலர். 1960-களில் அந்தத் தொழிலே கிடையாது. ஆயினும் பறக்கும் ரெயிலைப் பிழைக்க வைத்தவர்கள் அவர்களே.

திருமயிலைக்கு உரிய கூட்டமோ வேறு வகையானது. பங்குனி உற்சவத்தில் அறுபத்து மூவர் வீதியுலா நடக்கும் நாளில் அந்த ஸ்டேஷனைப் பார்க்க வேண்டும். மாட வீதிகளுக்கு வண்டி வாகனம் எதுவும் நெருங்க முடியாத அன்று, வேளச்சேரியிலிருந்தும் சிந்தாதிரிப்பேட்டையிலிருந்தும் வந்திறங்கும் குடும்பங்கள், குழந்தையை இடுப்பிலும் கட்டைப் பையைக் கையிலுமாக, அந்தப் படிகளில் இடைவெளியே இல்லாமல் இறங்கிக்கொண்டிருக்கும். விசாலமாகக் கட்டியது வீண் என்று சொல்பவர்கள் அன்று ஒரு நாள் தங்கள் அபிப்பிராயத்தைச் சற்றே மாற்றிக்கொள்ளலாம்.

பக்கத்து ஸ்டேஷன்களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். கலங்கரை விளக்கம் என்னும் ஸ்டேஷனில் இறங்கிக் கலங்கரை விளக்கத்தைத் தேடுகிற வெளியூர்க்காரர் கடற்கரைவரை நன்றாக நடக்க வேண்டும். அதற்கும் திருமயிலைக்கும் நடுவே முண்டகக்கண்ணியம்மன் கோயில் ஸ்டேஷன் பின்னாளில் சேர்க்கப்பட்டு, 2014-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் தேதி திறக்கப்பட்டது. அந்த அம்மன் தன் கருவறைக்குக் கீற்றுக் கூரையே போதும் என்று இன்றுவரை அதன் கீழேயே வீற்றிருப்பவள். அவள் பெயரால் எழுந்த ஸ்டேஷன் மட்டும் முழுக்கக் கான்கிரீட்.

கால்வாய்க்கு நேர்ந்ததையும் மறைக்காமல் சொல்வதே சரித்திரத்துக்கு மரியாதை. தூண்களும் ஸ்டேஷன் அஸ்திவாரங்களும் நீரோட்டத்தின் குறுக்கே ஊன்றப்பட்டன. ஏற்கெனவே சேறடைந்திருந்த கால்வாய் பல இடங்களில் இன்னும் குறுகிற்று. மழைக் காலத்தில் வெள்ளம் வடிய வேண்டிய வாய்க்கால் இப்படி அடைபட்டதைச் சூழலியல் அன்பர்கள் இடைவிடாமல் கண்டித்து வந்திருக்கிறார்கள். ரெயிலின் நன்மையை ஒப்புக்கொள்ளும் நாமும் அந்தக் கண்டனத்தை ஒப்புக்கொள்ளவே வேண்டும். இதில் ஒரு விசித்திரம்: பக்கிங்ஹாம் கால்வாயையும் உள்ளடக்கிய காக்கிநாடா–புதுச்சேரி நீர்வழியை மத்திய சர்க்கார் 2008-இல் நான்காவது தேசிய நீர்வழியாகப் பிரகடனம் செய்தது. சர்க்காரின் ஒரு கை தூண் நட்ட இடத்தில் மற்றொரு கை படகு விட உத்தேசித்தது.

இந்த ரெயிலின் அவசியம் எத்தகையது என்பது அது குறைந்தபோதுதான் நன்றாகத் தெரிந்தது. கடற்கரைக்கும் எழும்பூருக்கும் இடையே நான்காவது தண்டவாளம் போடுவதற்காக, 2023 ஆகஸ்டு கடைசியிலிருந்து 2024 அக்டோபர் கடைசிவரை, வண்டிகள் சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்தப்பட்டன. சென்ட்ரலுக்கும் கடற்கரைக்கும் போகிறவர்கள் பதினான்கு மாத காலம் பாதி வழியில் இறங்கித் திண்டாடினார்கள். 'யாருக்காக இந்த ரெயில்' என்ற பழைய கேள்வியை அப்போது ஒருவரும் கேட்கவில்லை. தெற்கு முனையிலும் இதே துண்டிப்பு வியாதிதான். வேளச்சேரியைப் பரங்கிமலையோடு சேர்க்க வேண்டிய ஐந்து கிலோமீட்டர் இணைப்பு, ஆதம்பாக்கத்தில் கொஞ்ச தூர நிலம் எடுப்பதில் சிக்கி, பத்தாண்டுகளுக்கு மேல் அந்தரத்தில் நின்றது.

இப்போது திருமயிலையின் பூமிக்கடியில் மற்றொரு ஸ்டேஷன் உருவாகிறது. மெட்ரோவின் இரண்டாங்கட்டத்தில், மாதவரத்திலிருந்து சிறுசேரி நோக்கிச் செல்லும் மூன்றாவது வழித்தடமும், கலங்கரை விளக்கத்திலிருந்து பூவிருந்தவல்லி நோக்கிச் செல்லும் நான்காவது வழித்தடமும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கிடும் இடம் அது. ஏறக்குறைய 35 மீட்டர் ஆழத்துக்குத் தோண்டப்படும் அந்த ஸ்டேஷன், நகரத்தின் சுரங்க ஸ்டேஷன்களிலேயே மிக ஆழமானதாக இருக்கும். பறக்கும் ரெயிலை ரெயில்வேயிடமிருந்து மெட்ரோ நிறுவனம் ஏற்றுக்கொள்ளும் யோசனைக்கும், நீண்ட காலப் பேச்சுக்குப் பின், 2025-இல் ரெயில்வே போர்டு கொள்கையளவில் சம்மதம் தந்திருக்கிறது. நிர்வாகம் ஒன்றாவது நல்லதுதான். ஆனால் பிரயாணிக்கு வேண்டியது நிர்வாகம் அன்று, வழி. கால்வாய்க்கு மேலே நிற்கும் ஸ்டேஷனிலிருந்து பூமிக்குள் இருக்கும் ஸ்டேஷனுக்கு, ரஸ்தாவில் இறங்கி லஸ் நெரிசலைக் குறுக்கே கடக்காமல், மழையில் நனையாமல், முழங்கால் நோகாமல் போய்ச்சேர ஒரு மூடிய நடைவழியும், என்றும் ஓடும் மின்தூக்கியும் கட்டித் தர வேண்டும். அதைச் செய்ய வேண்டிய சமயம் குழி திறந்து கிடக்கும் இப்போதுதான். மூடிய பிறகு அன்று. மயிலாப்பூர் வாசகர்கள் இதைக் கோரி இரு நிர்வாகங்களுக்கும் இன்றே எழுதும்படி கேட்டுக்கொள்கிறோம்.

அடுத்த பகுதியில் மந்தைவெளியைத் தாண்டி, அடையாற்றின் மேலாகக் கோட்டூர்புரத்துக்குப் போவோம்.